தறிவீட்டில் தவமணி

1997 ஜூன் 9, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலையிலேயே வாய்க்குள் மண். கல்முனைச் சுகாதாரக் கந்தோர் மண்டபத்து யன்னலைத் திறந்தால் தாள்கள் பறக்கின்றன, மூடினால் ஆட்கள் அவிகிறார்கள். தாள்களின் மேல் மருந்துப் போத்தல்களை வைத்துச் சமாளித்தேன்.

இன்று என் வகுப்பு. என் சொந்த வகுப்பு! கொழும்பில் இரண்டு கிழமை பயிற்சி எடுத்து வந்தது இதற்குத்தான். இந்தச் சண்டையில் அடிபட்ட சனம் கிளினிக்குக்கு வருகிறது. தலையிடி, நெஞ்சிடி, நித்திரை இல்லை என்று. உடம்பைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அவர்களை மேலும் நோகடிக்காமல் எப்படி நடத்துவது, எப்படித் தொடுவது, எப்படிக் கதைப்பது என்பதுதான் பாடம். அங்கே எல்லாம் இங்கிலீஷ். இங்கே நான், தமிழில். பொதுச் சுகாதாரத் தாதி சகோதரி என்ற நீட்டுப் பட்டத்தைச் சுமந்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு பலன். சேலையை இரண்டு தரம் உடுத்தேன். வீட்டில் இவர் பார்த்துவிட்டு, "கலியாண வீட்டுக்கா, கந்தோருக்கா?" என்றார். பள்ளிக்கூட மாஸ்டர்மாருக்கு வாய் அப்படித்தான்.

வந்தவர்கள்: மருத்துவிச்சிமார், முஸ்லிம் பாதி தமிழ் பாதி. வாட்டுகளில் எடுபிடி வேலை செய்கிற ஓடலிமார் இரண்டு பேர். மருந்தும் ஊசியும் கொடுக்கிற அப்போதிக்கரி மஜீது காக்கா, பென்சனுக்குக் கிட்டே நிற்கிறவர். ஒருவரும் சொல்லாமலே முஸ்லிம்கள் ஒரு வாங்கில், தமிழர் மற்ற வாங்கில். இரண்டு சனமும் அடிபட்ட இந்த ஊரில் வாங்கு எப்படிப் பிரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் வேலை, ஓம் பயிற்சி. (பெயர் நான் வைத்தது. மந்திரம் இல்லை, 'ஆமாம்' என்கிற ஓம்.) இரண்டிரண்டு பேராக இருக்க வேண்டும். ஓடலி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி முடியும்வரை ஒருவர் ஏதாவது கதைக்க, மற்றவர் "ஓம்" என்பதைத் தவிர வாய் திறக்கக்கூடாது. கேள்வி இல்லை. புத்திமதி இல்லை. "எனக்கும் இப்பிடித்தான்" இல்லவே இல்லை.

லேசு என்று நினைத்தார்கள்.

பாண்டிருப்புத் தமிழ் மருத்துவிச்சி தவமணி அக்காவை மருதமுனை முஸ்லிம் மருத்துவிச்சி ஒருவரோடு சோடி சேர்த்தேன். தவமணி அக்கா ஐம்பதைத் தாண்டியவர். எனக்கு முந்தியே சேவைக்கு வந்தவர். பாண்டிருப்பும் மருதமுனையில் ஒரு பகுதியும் அவர் கையில். மற்றவர் காணாமற்போன கோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதல் வசனத்துக்கு அழகான ஒரு "ஓம்". இரண்டாவது வசனத்துக்கு: "என்ன கோழி கா? அடைக்கோழியா? பக்கத்து வீட்டு வேலியப் பாத்தியா?" மூன்றாவது வசனத்துக்கு இடமே கொடுக்கவில்லை. "கோழிக் கள்ளன எனக்குத் தெரியும், நான் செல்லட்டா?" என்று, 'சொல்'லைச் 'செல்' ஆக்கி, மருதமுனைக்காரியின் பேச்சு மாதிரியே பேசிக் காட்டினார். இரண்டு வாங்கும் சேர்ந்து சிரித்தது.

"மிஸ், வாய மூடினா எனக்கு நெஞ்சு அடைக்கும்," என்றார்.

சுண்ணாம்புக்கட்டி முடிந்துவிட்டது. நாளைக்கு இவரின் பள்ளிக்கூடத்தில் எடுத்துத்தரச் சொல்ல வேண்டும்.


ஜூன் 10, செவ்வாய்

காற்று குறையவில்லை. சோற்றில் ஊற்றின கீரிமீன் ஆணத்திலும் மண் கடிபட்டது.

காலைப் பாடம்: தொட முந்திச் சொல். பின்னால் நிற்காதே. கதவைச் சாத்தவா திறந்து வைக்கவா என்று அவரிடமே கேள். கடைசியாகச் சொன்னதில் சண்டை. எங்கள் முஸ்லிம் பிள்ளைகள், பெண்ணைப் பார்க்கும்போது கதவைப் பூட்டித் தாழ்ப்பாள் போடுவதுதான் மரியாதை என்றார்கள். நான், "பூட்டின அறைக்குள்ள அடிபட்ட ஆளுக்கு அது மரியாதையா?" என்றேன். சண்டை அதோடு நின்றது. ஆளுக்கு ஆள் யாரையோ நினைத்திருப்பார்கள்.

பின்னேரப் பாடம், தோண்டாதே. அவர் சொல்லாததை வெளியே இழுக்காதே. இதுதான் முக்கியம். ஆனால் தவமணி அக்கா அதற்கு இல்லை. மத்தியானம் பாண்டிருப்பிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனது. செத்த வீடு. அந்தப் பக்கத்தில் தவமணி அக்கா போனால்தான் ஒப்பாரி எழும்பும். அவர் தொடங்கினால் செத்தவரோடு கோபமாக இருந்தவர்களும் அழுவார்களாம். போகட்டும் என்று விட்டேன்.


ஜூன் 16, திங்கள்

பல்லுக்குத்து. கிராம்பு வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஒரு கிழமை கிளினிக்கில் படித்ததைச் செய்து பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டிய நாள். தவமணி அக்கா முதல் ஆளாக எழும்பினார். முகத்தில் பெருநாள்.

"மிஸ், என்ட பக்கத்தில ஏழு பேர அழவச்சிட்டன்!"

எனக்கு விளங்கவில்லை. வாங்கில் இருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது. கை தட்டினார்கள். ஒருத்தி, "எனக்கு ரெண்டு பேர்தான் மிஸ், மத்தாக்கள் எவ்வளவு கேட்டும் அழுறாங்க இல்ல," என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். மஜீது காக்கா: "நான் ஒருத்தரத்தான் அழவெச்ச. அதும் ஊசி போட்டதால."

யா அல்லாஹ். நான் படிப்பித்தது என்ன, இவர்கள் பிடித்தது என்ன! 'மனதில் உள்ளதைச் சொல்ல இடம் கொடுங்கள்' என்றேன். அதைப் போட்டியாக்கிவிட்டார்கள். கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், பல்லுக்குத்து மூன்றாவது பக்கம்.

தவமணி அக்கா நிறுத்தவில்லை. "ஒரு மருதமுனைப் புள்ள மிஸ். எல்லைப் பக்கத்து வயல் ஊரில இருந்து வந்தது. புருசன் வயலுக்குப் போய்ப் பிரேதமாத்தான் வந்தவர். எட்டாம் மாசம் வயித்தில. ஒரு பொட்டுக் கண்ணீர் வராது, கல்லு மாதிரி இரிக்கும். நான் கையப் புடிச்சி, அவர்ர பேரச் சொல்லி, ஒப்பாரி எடுத்தன். கிளினிக்கில இருந்த பொம்பிளையள் எல்லாம் எழும்பி வந்து சுத்தி நிண்டு அழுதிட்டாங்க."

"அந்தப் பிள்ள?"

"விறைச்சுப் போய் நிண்டிச்சி. மறுகா பார்த்தா ஆளக் காணல்ல."

"அடுத்த கிளினிக்குக்கு வந்தாவா?"

"வரல்ல மிஸ்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் போன தரமே பிரஷர் கூடியிருந்ததாம். கால் வீக்கம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாயும் போகும், பிள்ளையும் போகும். அவளுக்கு வெளியில் வருகிற ஒரே வழி கிளினிக். அந்த வழியை நாங்களே அடைத்திருக்கிறோம். என் வகுப்பு அடைத்திருக்கிறது.

இந்தக் கொப்பியிலும் அவள் பெயரை எழுதமாட்டேன். ஹ. என்று வைத்துக்கொள்கிறேன்.


ஜூன் 17, செவ்வாய்

தவமணி அக்காவும் நானும் மருதமுனைக்கு, சைக்கிளில். சோதனைச் சென்றியில் இறங்கி உருட்டினோம்.

ஹ. இருப்பது அவளுடைய மாமியின் தறிவீட்டில். வேலிப் படலைக்கே தறிச் சத்தம் கேட்டது. மாமி வெளியில் வந்தார். என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்து முகம் மாறிவிட்டது.

"அவ இத்தாவில இரிக்கா தங்கச்சி. வெளிய வரமாட்டா."

இத்தா என்றது உண்மைதான். புருஷன் மௌத்தானவள், வயிற்றில் பிள்ளை என்றால் அது பிறக்கும்வரை இத்தா. வெள்ளைச் சேலை, வெளி ஆம்பிளைகளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆனால் மருந்துக்குப் போவதற்குத் தடை இல்லை. இவ்வளவு நாளும் வந்துகொண்டுதானே இருந்தாள். இது சாட்டு. மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கிளினிக்குக்குள்ள மையத்து வீடு மாதிரி ஒப்பாரி வெச்சாவாமே? அதும் அவர்ர பேரச் செல்லி? எங்கட மார்க்கத்தில அப்பிடிக் கத்தி அழுறதில்ல. நீங்க வேணுமெண்டா உள்ள வாங்க. அவ வேணாம். இவங்கட ஆக்கள்தானே அவர…" அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் விழுந்துவிட்டது.

நான் மட்டும் வாசல்வரை போனேன். இரண்டு தறி ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பிள்ளை, நூல் சுற்றிக்கொண்டு. என்னைக் கண்டதும் முகத்தைத் தறிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கால் மட்டும் தெரிந்தது. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருக்கிறது.

மாமி காதுக்குள் சொன்னார்: "தறி ஓடுற வரைக்கும் இஞ்சதான் இரிப்பா. தறி நிண்டா அறைக்குள்ள போயிருவா. வாற போற ஆக்கள் எல்லாம் கேக்காங்களே, எப்பிடி நடந்த, ஆரு கண்ட எண்டு. தறிச் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்க ஏலா."

திரும்பும்போது தவமணி அக்கா சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார். பாண்டிருப்பு கோயிலடி வரும்வரை ஒரு சொல் இல்லை. நான் பயந்துபோனேன், மனிசிக்குச் சுகமில்லையோ என்று.

"நான் பாசத்திலதான் செஞ்சன் மிஸ். எங்கட சனத்துக்கு அழாட்டித்தான் பயம்."

"ஓம்."

"என்ட தம்பிர மகனையும் வாகனத்தில ஏத்திக்கொண்டு போனாங்க. பிரேதமும் தரல்ல. ஊருக்கெல்லாம் அழுறன். அவனுக்கு இன்னும் அழல்ல."

கேட்க எத்தனையோ வாய்க்குள் வந்தது. எப்போது, எங்கே, யார். வாயை மூடிக்கொண்டேன்.

"ஓம்," என்றேன்.

கொஞ்சத் தூரம் நடந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுதானா மிஸ் அந்த ஓம்?"


ஜூன் 18, புதன்

சுண்ணாம்புக்கட்டி வந்தது. எல்லாம் மஞ்சள் நிறம். இவருக்கு வெள்ளை கிடைக்கவில்லையாம்.

ஆஸ்பத்திரி டொக்டரிடம் ஹ.வைப் பற்றிச் சொன்னேன். சின்னப் பொடியன், கெட்டிக்காரன். "எப்பிடியாவது கூட்டி வாங்க சிஸ்டர், இது விளையாட்டு இல்ல," என்றார். வீட்டில் இவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "பள்ளிவாசல் லெவ்வையக் கூட்டிப் போ. ஆஸ்பத்திரிக்குப் போறது கடமை எண்டு அவர் ஒரு சத்தம் போட்டா நாளைக்கே வருவா," என்றார். சரியாகத்தான் பட்டது. லெவ்வைக்குச் சொல்லி அனுப்பவும் ஆள் பிடித்துவிட்டேன்.

தவமணி அக்கா கேள்விப்பட்டு ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது.

"வேணாம் மிஸ். ஒருக்கா நான் புடிச்சி இழுத்தன். மறுகாலும் புடிச்சி இழுத்தா அந்தப் புள்ள உடைஞ்சி போகும். நீங்கதானே சொன்ன, அவையைக் கேட்டுத்தான் எதையும் செய்யணுமெண்டு. எனக்குக் கொஞ்ச நாள் தாங்க."

நான் படிப்பித்ததையே எனக்குத் திருப்பிப் படிப்பிக்கிறார்! சுருக்கென்றது. அதோடு, சொல்லத்தான் வேண்டும், நெஞ்சு நிறைந்தது.

ஆனால் பிரஷர் அவகாசம் தராதே. நான் மாமியிடம் போய் மூன்று விஷயம் சொன்னேன்: தலையிடி கடுமையானால், கண் மங்கினால், நெஞ்சாங்குழியில் நோவு வந்தால் ஒருவரையும் கேட்காமல் உடனே ஆஸ்பத்திரி. ஹ.வுக்கும் அதை அப்படியே சொல்லச் சொன்னேன். மறைக்காமல். லெவ்வையை வேண்டாம் என்றுவிட்டேன். பதறாத காரியம் சிதறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதறிக்கொண்டே.


ஜூன் 20, வெள்ளி

தவமணி அக்கா சொன்னதை எழுதி வைக்கிறேன்.

நேற்று: படலையில் நின்று மாமியிடம், "அண்டைக்கு நான் செஞ்சது பிழை. மன்னிக்கச் சொல்லிச் சொல்லுங்க. நாளைக்கும் வருவன். வேணாமெண்டா படலையோட போறன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம். அவ்வளவுதான்.

இன்று: போனார். படலை திறந்து கிடந்தது. ஆனாலும் உள்ளே போகவில்லை. வெள்ளிக்கிழமை, தறி ஓடவில்லை. "சத்தம் இல்லாத நேரத்தில போனா, கேள்வி கேக்க வந்தன் எண்டுதானே அந்தப் புள்ள நினைக்கும்," என்றார்.

இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழும்பிலும் ஒருவரும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன், திரும்பவும் சொன்னேன். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு," என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்த குஞ்சு!


ஜூன் 21, சனி

உள்ளே விட்டார்கள்!

தறி ஓடிக்கொண்டிருந்த நேரம். மாமி ஒரு பலகையைக் காட்டினார். ஹ.வுக்கு எதிரே, பக்கத்தில் இல்லை, பின்னால் இல்லை. தவமணி அக்காவின் கையில் நூலைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார்கள். மருத்துவிச்சிக்கு நூல் சுற்றத் தெரியுமா? ஒரே சிக்கு. ஹ. கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு கை நீட்டி வாங்கி, சிக்கெடுத்து, திருப்பிக் கொடுத்தாளாம். திரும்பவும் சிக்கு. திரும்பவும் கை நீட்டினாளாம்.

பின்னேரம் முழுக்க இதுதான். ஒரு வார்த்தை இல்லை. தவமணி அக்கா! கல்முனைச் சந்தையில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"நெஞ்சு அடைச்சதா?" என்று கேட்டேன்.

"அடைச்சது மிஸ். முதல்ல. மறுகா அந்தத் தறிச் சத்தத்தில எனக்கும் ஒரு சுகமா இரிந்தது."

மாமிக்குத் தலையிடி, கண் மங்கல் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் இல்லையாம். அல்ஹம்துலில்லாஹ்.


ஜூன் 23, திங்கள்

வகுப்பு. மஜீது காக்கா எழும்பி நின்று முறைப்பாடு: "பிள்ள, நீங்க சொன்ன மாதிரி ஊசி போட முந்திச் செல்லுறன். செல்லிப்போட்டுத் திரும்பிப் பார்த்தா ஆள் இல்ல. செல்லாமக் குத்தினா ஒருத்தனும் ஓட மாட்டான்." ஓடினவன் திரும்பி வந்தானா என்று கேட்டேன். வந்தானாம். தானாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தானாம். காக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். முப்பது வருஷ சேவைக்காரருக்கு வெட்கம் வரக்கூடாது.

தோண்டாதே பாடத்தைத் திரும்பவும் எடுத்தேன். இந்த முறை முழுப் பேருக்கும். அழவைத்த கதையைத் தவமணி அக்கா தானே எழும்பிச் சொன்னார். தன் பிழையைத் தானே, இரண்டு வாங்குக்கும் முன்னால். நான் கேட்கவில்லை. இந்தத் தரம் ஒருவரும் கை தட்டவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

மத்தியானம் தமிழர் வாங்கில் இருந்து தயிர்ச்சட்டி ஒன்று முஸ்லிம் வாங்குக்கு வந்தது. பதிலுக்கு வட்டிலப்பம் போனது. வாங்கு வாங்காகத்தான் இருக்கிறார்கள். ஆனால் சட்டி போய் வருகிறது.


ஜூன் 24, செவ்வாய்

காற்று ஓய்ந்த மாதிரி இருக்கிறது. எழுதக் கை ஓடவில்லை, சந்தோஷத்தில்.

தவமணி அக்கா பிரஷர் பார்க்கிற பெட்டியைக் கொண்டு போயிருந்தார். நானும் போனேன். வாசலுக்கு வெளியே, ஹ.வின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றேன்.

பெல்ட்டைக் கண்டதும் ஹ. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். யாரோ ஒரு நாள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் போல. யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தவமணி அக்கா ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டைத் தன் கையில் சுற்றினார். ரப்பர் உருண்டையை ஹ.விடம் நீட்டினார். ஹ. பார்த்தாள். வாங்கினாள். அமத்தினாள். இன்னும் அமத்தினாள். தவமணி அக்காவின் முகம் கோணியது. ஹ.வின் உதட்டில் ஒரு சிரிப்பு. கடைசியில் காற்றைத் திறந்து விட்டாள்.

பிறகு தானே தன் கையை நீட்டினாள். பெல்ட்டைத் தானே சுற்றினாள். உருண்டை அவள் கையிலேயே.

இங்கேதான் நாங்கள் யோசியாத ஒன்று. தறி ஓடுகிறதே! அந்தச் சத்தத்தில் நாடிக் குழாயில் என்ன கேட்கும்? தவமணி அக்கா குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு திகைத்து நின்றார். பிறகு தறியைக் காட்டினார், தன் காதைக் காட்டினார், கையை விரித்தார். உன் விருப்பம் என்கிற மாதிரி.

ஹ. தறியைப் பார்த்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓதினேன் என்றே நினைக்கிறேன்.

அவள் கையை உயர்த்தினாள். நெய்கிறவர் நிறுத்தினார். மற்றத் தறியும் நின்றது.

அந்த அமைதி. மாமி, நான், நெய்கிற பெண்கள், தவமணி அக்கா. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹ. உருண்டையை அமத்துகிற சத்தம் மட்டும்.

பிரஷர் கூடித்தான் இருக்கிறது, போன தரத்தைவிட. தவமணி அக்கா அதை அப்படியே சொன்னார். என்ன வரலாம், ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள், வீட்டில் என்ன செய்ய முடியாது. வெருட்டாமல், மூடாமல். "போறதா இல்லையா, எப்பிடிப் போறது எண்டு நீங்க செல்லுங்க மகள்," என்றார். 'செல்லுங்க' என்றார், அவர்களின் பேச்சிலேயே. இந்தத் தரம் கேலிக்கு இல்லை.

ஹ.வின் குரலை நான் முதல் தரமாகக் கேட்டேன். மெல்லிய, கரகரத்த குரல்.

"கதவு பூட்டப்படாது. எனக்குப் பின்னால ஆரும் நிக்கப்படாது. ஆம்பிள டொக்டர் கேட்டுட்டுத்தான் வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கூட வரணும் மிஸ்ஸி," என்றாள். தவமணி அக்காவைப் பார்த்து.

வீட்டுக்கு வரும்போது சைக்கிள் தானாக ஓடியது. பல்லுக்குத்தும் இல்லை.


ஜூன் 25, புதன்

ஆஸ்பத்திரி. விடியவே போய்ப் பிரசவ வாட்டில் நின்றுவிட்டேன். ஹ.வின் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டேன், பின்னால் ஆள் நிற்க இடம் வராமல். கதவுக்குப் பூட்டு இல்லை, திரைச்சீலை மட்டும். ஓடலிமார் இருவரும் என் வகுப்புப் பிள்ளைகள். ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி வெள்ளைச் சேலைக்கார ஹ.வைப் பார்த்து, "தலகணி ரெண்டு வேணுமா ஒண்டு போதுமா ராத்தா?" என்று கேட்டாள். கேட்டாள்! முந்தி என்றால் எடுத்து எறிந்துவிட்டுப் போயிருப்பாள்.

டொக்டர் சீலைக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா?" என்றார். ஹ. பேசவில்லை. அவர் நின்றார். பேசவில்லை. இன்னும் நின்றார். தவமணி அக்கா இடையில் புகவில்லை. கடைசியில், "வரலாம்." வெளியில் வந்தபின் டொக்டர் என்னிடம், "கலியாணத்தண்டு பொம்பிள வீட்டு வாசலிலகூட என்னை இவ்வளவு நேரம் நிப்பாட்டல்ல சிஸ்டர்," என்றார். சிரித்துக்கொண்டுதான்.

பின்னேரம் கடல் பக்கமாக ஹெலிகொப்டர் ஒன்று தாழப் போனது. ஹ. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் எங்கேயோ போய்விட்டது. 'பயப்படாதே' என்று ஒருவரும் சொல்லவில்லை. தவமணி அக்கா தாழ்ந்த குரலில்: "ஹெலி ஒண்டு போகுது மகள். நாம ஆஸ்பத்திரியில இரிக்கம். அங்க யன்னலுக்கு அங்கால வேப்பமரம். அதில காகம் ரெண்டு." ஹ. யன்னலைப் பார்த்தாள். மெதுவாகக் கம்பியை விட்டாள்.

இப்படி இருக்கிற இடத்தையும் கண்ணில் படுகிறதையும் சொல்லிக் கூட்டிவருவது என் பாடத்தில் இருந்தது. காகம் மட்டும் அவர் சொந்தமாகச் சேர்த்தது.


ஜூன் 28, சனி

இவர் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இதை எழுதிவிட்டுத்தான்.

பகல், பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிரஷர் இறங்கத் தொடங்கியிருக்கிறது. வலிப்பு வரவில்லை. அல்லாஹ்வுக்கே புகழ்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது, என் கொப்பிதானே. டொக்டர், ஓடலிமார், ஊசிக்கார மஜீது காக்கா, எல்லோரிலும் பெருமை. எல்லோருக்கும் மேலாகத் தவமணி அக்காவில். அவரைப் படிப்பித்தது நான் என்று சொல்ல ஆசை. பாதி உண்மை.

மாமி தங்கள் தறியில் நெய்த பச்சைச் சேலை ஒன்றைக் கொண்டு வந்தார். பிள்ளை பிறந்ததோடு இத்தா முடிந்தது. வெள்ளையை மடித்து வைத்துவிட்டு ஹ. பச்சை உடுத்திக் கட்டிலில் இருந்தாள், பிள்ளையை மடியில் வைத்து. நான் வாசலில். தவமணி அக்கா எதிரே, வாங்கில்.

வாட்டில் அமைதி. தறி இல்லை, காற்று இல்லை. பக்கத்துக் கட்டில்காரிகள் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, தகப்பன் எங்கே என்று.

ஹ. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"அவருக்குப் பொம்பிளப் புள்ளதான் விருப்பம்," என்றாள். ஒருவரும் கேட்காமல்.

தவமணி அக்காவின் வாய் திறந்ததைக் கண்டேன். ஊருக்கெல்லாம் அழுகிற வாய்.

மூடிக்கொண்டார். பிறகு,

"ஓம்," என்றார்.

"வயலுக்குப் போகக்குள்ளயும் அதச் செல்லிட்டுத்தான் போன."

"ஓம் மகள்."